தொண்டர் படை எண்டு ஒரு பெயர்

இரண்டாம் வருசத்தில எங்களுக்கு ஒரு அசைன்மென்ட் வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்குபற்றின ஏதாவது ஒரு தொண்டர் காலாட்படை ரெஜிமென்டின் சேவை வரலாற்றை எடுத்து, அந்தப் போரைப் பற்றி அது என்ன சொல்கிறது என்று எழுத வேண்டும். பத்துப் பக்கம். கலைப்பீடத்தில் இருக்கிற நாங்கள் மூன்று பேர், மூன்று பேரும் திருகோணமலை, சேர்ந்துதான் செய்தோம். எங்களுக்கு விழுந்தது மெயின் மாநிலத்தின் 20ஆவது தொண்டர் ரெஜிமென்ட்.

தேடிப் பார்த்தால், அந்த ஒரு ரெஜிமென்டுக்கே எவ்வளவு விபரம்! 1862 ஆகஸ்டில் போர்ட்லாண்ட் நகரத்தில் திரட்டப்பட்டது. டிசம்பரில் ஃப்ரெடரிக்ஸ்பர்க். 1863 ஜூலை 2இல் கெட்டிஸ்பர்க்கில் ஒரு சின்ன மலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. 1865 ஏப்ரலில் அப்போமட்டொக்ஸில் எதிர்த்தரப்பு சரணடைந்தபோது அங்கே இருந்தது. ஜூலையில் கலைக்கப்பட்டது. மொத்த இழப்பு 293 பேர். அதில் சண்டையில் செத்தவர்கள் 147, நோயில் செத்தவர்கள் 146. அதாவது துவக்குச் சூடும் காய்ச்சலும் வயிற்றோட்டமும் ஏறத்தாழ ஒரே அளவு ஆட்களைக் கொன்றிருக்கின்றன. இதையெல்லாம் ஃப்ரெடரிக் டயர் என்ற ஒருவர் 1908இல் ஒரு பெரிய புத்தகமாகத் தொகுத்திருக்கிறார். அவரே சின்ன வயதில் முரசடிக்கும் பொடியனாக அந்தப் போரில் நின்றவர். வடக்குப் பக்கத்தில் நின்ற ஒவ்வொரு ரெஜிமென்டுக்கும் சில பந்தி. எங்கே திரட்டப்பட்டது, எங்கெங்கே நின்றது, எத்தனை பேர் செத்தார்கள், எப்போது வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவ்வளவுதான். அழுகை இல்லை, வீரவசனம் இல்லை.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது எங்களில் ஒருத்தியின் வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதிக்கொண்டிருந்தோம். அவளின் தாய்மாமன் வந்து எட்டிப் பார்த்தார். அவர் அவளுக்குத்தான் சொந்த மாமா, ஆனால் சின்ன வயதில இருந்து எங்கள் மூன்று பேருக்கும் மாமாதான். திருக்கடலூர்ப் பக்கம் போட் எஞ்சின் திருத்துகிறவர். கையில எப்பவும் கிறீஸ் மணம்.

"என்ன பிள்ளையள் எழுதுறியள்?"

"தொண்டர் படை பற்றி மாமா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை அப்பிடியே மதில்மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். உள்ளே இருந்து அம்மம்மா எங்களைக் கூப்பிட்டு, சத்தம் இல்லாமல் சொன்னா: "அந்தச் சொல்லை அவனுக்கு முன்னால சொல்லாதேங்கோ."

அப்படித்தான் எங்களுக்குத் தெரிய வந்தது, எங்கள் ஊரிலும் ஒரு தொண்டர் படை இருந்தது என்று.

*

தெரிந்தவர்கள் மன்னிக்கவும். 2000க்குப் பிறகு பிறந்த எங்களில் பலருக்கு இந்தக் கதை பாடப்புத்தகத்தில் இல்லை, மேடையிலும் இல்லை. அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

1987 ஜூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் வந்தது. அமைதிப்படை வந்து இறங்கியது. அந்த வருசம் நவம்பரில் 13ஆவது திருத்தம் நிறைவேறி மாகாண சபைகள் உருவாகின. 1988இல் வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இணைக்கப்பட்டன. நவம்பர் 19இல் தேர்தல். புலிகள் பகிஷ்கரித்தார்கள், வடக்கில் போட்டியே இல்லை. மொத்தம் 71 ஆசனத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். 41, முஸ்லிம் காங்கிரஸ் 17, ஈ.என்.டி.எல்.எஃப். 12, ஐ.தே.க. 1. டிசம்பர் 10இல் வரதராஜப்பெருமாள் முதலமைச்சராகப் பதவியேற்றார். அந்த வடகிழக்கு மாகாணத்தின் தலைநகர் எங்கள் திருகோணமலை. இன்றைக்கு உட்துறைமுக வீதியால சைக்கிளில் போகிற பொடியள் பத்துப் பேரிடம் இதைக் கேட்டால் இரண்டு பேருக்குத் தெரிந்தால் பெரிய காரியம்.

13ஆவது திருத்தத்தின்படி மாகாணத்துக்கென்று ஒரு பொலிஸ் இருக்க வேண்டும். கொழும்பு அந்த அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. இன்றுவரைக்கும் கொடுக்கவில்லை. ஒரு பக்கம் அமைதிப்படை எப்போது போகும் என்ற கேள்வி. 1989 மே மாதத்தில் பிரேமதாச அரசும் புலிகளும் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஜூனில் ஜனாதிபதி இந்தியப் படையை வெளியேறச் சொன்னார். அமைதிப்படை போனால் மாகாண அரசைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்? இந்தப் பயத்தில்தான் 1989இன் நடுப்பகுதியில் ஒரு படை அவசர அவசரமாகக் கட்டப்பட்டது. முதலில் குடிமக்கள் தொண்டர் படை, சனம் சொன்னது சீ.வி.எஃப். பிறகு தமிழ்த் தேசிய இராணுவம், ரி.என்.ஏ. பயிற்சிக்கும் ஆயுதத்துக்கும் பின்னால் இந்தியா நின்றது.

பெயரில்தான் தொண்டர். அதில் இருந்த கன பேர் பிடித்துக்கொண்டு போகப்பட்ட பொடியள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில் அடக்கம். இதை எங்கள் வீட்டுக் கதையாக மட்டும் சொல்லவில்லை. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) என்ற அமைப்பு அந்தக் காலத்திலேயே இதை அறிக்கைகளில் எழுதி வைத்திருக்கிறது. அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராஜினி திரணகம 1989 செப்டம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பொடியளைப் பிடித்துக்கொண்டிருந்த அதே மாதங்கள்தான். எழுதுகிறதுக்கு அந்த நாட்களில் என்ன விலை இருந்தது என்று இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. அமைதிப்படை தெற்கில் இருந்து ஒவ்வொரு மாவட்டமாகக் கைவிட்டு வந்தது. 1989 நவம்பரில் அம்பாறை மாவட்டத்தில் அவர்கள் விலக விலக, புலிகள் ரி.என்.ஏ. முகாம்களைத் தாக்கினார்கள். அந்த நேரம் புலிகளுக்குக் கொழும்பு அரசே ஆயுதம் கொடுத்தது. அடுத்து மட்டக்களப்பு. சில மாதப் பயிற்சியோடு நிறுத்தப்பட்ட பொடியளால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? செத்தவர்கள் செத்தார்கள். சரணடைந்தவர்களில் சிலர் தாய் தகப்பனிடம் ஒப்படைக்கப்பட்டார்கள், எல்லாரும் அல்ல. 1990 மார்ச் 1இல் முதலமைச்சர் மாகாண சபையில் ஈழப் பிரகடனம் செய்தார். சில நாட்களில் அவர் நாட்டைவிட்டுப் போனார். மார்ச் 24இல் அமைதிப்படையின் கடைசிக் கப்பல் எங்கள் துறைமுகத்தில் இருந்துதான் வெளிக்கிட்டது. அந்த அமைப்போடு சம்பந்தப்பட்ட குடும்பங்களும் கப்பலில் ஏறின. தமிழ்நாடு ஏற்காமல், அவர்களில் பலர் ஒடிசாவின் மல்கான்கிரி என்ற இடத்தில் போய் இருந்தார்கள்.

சேவைக் காலம், எல்லாமாகச் சேர்த்து, ஒரு வருசம்கூட இல்லை.

*

மாமாவிடம் நாங்கள் கேட்கவில்லை. அவராகத்தான் ஒரு கிழமைக்குப் பிறகு வந்து இருந்தார். "உங்கட அந்த அமெரிக்காக் கணக்கைக் காட்டுங்கோ பாப்பம்" என்றார். நாங்கள் 20ஆவது மெயின் ரெஜிமென்ட் பற்றி வாசித்துத் தமிழில் சொன்னோம். இடம், திகதி, இழப்பு. கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இவங்கள் எல்லாரும் தாங்களாப் போனவங்களோ?"

நல்ல கேள்வி. 1861இல் லிங்கன் முதலில் கேட்டபோது சனம் முண்டியடித்துக்கொண்டுதான் சேர்ந்தது. இரண்டு வருசத்தில் ஆர்வம் வற்றிவிட்டது. 1863 மார்ச்சில் கட்டாய ஆட்சேர்ப்புச் சட்டம் வந்தது. 300 டொலர் கட்டினால் தப்பலாம், அல்லது காசு கொடுத்து வேறு ஒருவனை அனுப்பலாம். இல்லாதவன் போக வேண்டியதுதான். அந்த ஜூலையில் நியூயோர்க் நகரமே கலவரத்தில் எரிந்தது. கோபம் கறுப்பின மக்கள்மேல் திரும்பி, அவர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். பிடிபட்டுப் போனவர்களைப் பழைய தொண்டர் ரெஜிமென்டுகளுக்குள்தான் பிரித்து அனுப்பினார்கள். ஆக, தானாக வந்தவனும் பிடிபட்டு வந்தவனும் காசுக்கு வந்தவனும் ஒரே தொண்டர் என்ற பெயருக்குக் கீழேதான் நின்றார்கள்.

"அப்ப அங்கயும் அதுதான்" என்றார் மாமா. பிறகு சொல்லத் தொடங்கினார்.

அப்போது அவருக்குப் பதினேழு வயது. ஏ.எல். படித்துக்கொண்டிருந்தார். ரியூசன் முடிந்து வரும்போது வீதியில் மறித்தார்கள். மறித்தவர்கள் யார் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சைக்கிளை மதிலில சாத்தச் சொன்னார்கள். அந்தச் சைக்கிளைப் பார்த்துத்தான் அம்மம்மாவுக்கு விசயம் தெரிந்தது. அவ மூன்று நாள் ஒவ்வொரு வாசலாக நின்றிருக்கிறா. நாலாம் நாள் ஒருத்தன் சொன்னானாம், "அம்மா, அவன் விரும்பித்தான் வந்தவன்" என்று. இந்த ஒரு வசனத்தை அம்மம்மா இன்றுவரைக்கும் மறக்கவில்லை. பிடித்ததைவிட அவவுக்கு அதுதான் கூட நோகுது.

முதல் வேலையாகத் தலையை மொட்டை அடித்தார்கள். ஓடினால் அடையாளம் தெரியட்டும் என்று. முதல் கிழமை கையில் தடி, பிறகுதான் துவக்கு. அதற்குப் பிறகு லொறியில் ஏற்றித் தெற்கே, அம்பாறைப் பக்கம் கடலோரமாக ஒரு முகாம். ஊரின் பெயரே அவருக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும்.

நவம்பரில் ஒரு இரவு சண்டை தொடங்கியது. மாமாவும் வேறு இரண்டு பொடியளும் வயலுக்குள்ளால் ஓடினார்கள். மழைக்காலம், முழங்கால் வரை சேறு. இடையில் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டார்கள். விடிய ஒரு வீட்டுக் கிணற்றடியில் போய் நின்றிருக்கிறார். அந்த வீட்டுக்கார அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சேர்ட்டைக் கழட்டி அடுப்புக்குள் போட்டா. தன் மனுசனின் சாரத்தைக் கொடுத்தா. பிறகு தலையைப் பார்த்தா. மொட்டைத் தலைதானே பிரச்சினை. உள்ளே போய்ச் சந்தனத்தைக் குழைத்து வந்து தலை முழுக்கப் பூசிவிட்டு, "ஆரும் கேட்டா திருக்கோவில் முருகனுக்கு நேர்த்தி எண்டு சொல்லு" என்றாவாம்.

அந்தச் சந்தனத் தலையோடுதான் அவர் ஊர் வந்து சேர்ந்தார். பன்னிரண்டு நாள். வந்தபின்னும் வெளியே வர முடியவில்லை. முதலில் பிடித்தவர்களுக்கு அவர் ஓடிப்போனவன். மார்ச்சுக்குப் பிறகு வந்தவர்களுக்கு அவர் மற்றவங்களின் ஆள். ஜூனில் திரும்பவும் சண்டை தொடங்கினபின் வந்தவர்களுக்கு அவர் ஒரு இருபது வயதுக்குக் குறைந்த தமிழ்ப் பொடியன், அதுவே காணும். "ஒரு வருசத்துக்குள்ள மூண்டு தரம் ஒளிச்சனான் பிள்ளையள். மூண்டு தரமும் வேற வேற ஆக்களுக்கு." கடைசியில் படகேறி மண்டபம் முகாம். பல வருசம் கழித்துத் திரும்பி வந்தபோது ஏ.எல். எல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஊரில் மட்டும் ஒன்று மாறாமல் இருந்தது. "அவன் அந்தப் படையில இருந்தவன்."

நாங்கள் கேட்கக்கூடாத கேள்வி ஒன்றையும் கேட்டோம். கேட்டது சரியா பிழையா என்று இப்போதும் எங்களுக்குள் சண்டை. "மாமா, நீங்கள் ஆரையும் சுட்டனீங்களோ?"

கன நேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிறீஸ் ஏற்கெனவே போய்விட்டது.

"கையில துவக்கு இருந்தது" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு இல்லை.

இதை மறைத்துவிட்டு எழுதலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அந்தப் படையால் பாதிக்கப்பட்ட வீடுகளும் எங்கள் மாவட்டத்தில் இருக்கின்றன. அடி வாங்கினவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். எல்லாரும் பிடிபட்டுப் போனவர்களும் இல்லை, விரும்பிப் போனவர்களும் இருந்தார்கள், நம்பிப் போனவர்களும் இருந்தார்கள். எங்கள் மாமாவைக் கழுவித் துடைத்து ஒரு அப்பாவியாக நிறுத்த வேண்டும் என்று நாங்கள் இதை எழுதவில்லை. அவருக்கு நடந்ததும் உண்மை, அவர் கையில் இருந்ததும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எங்களுக்குப் பழக்கம் இல்லை, அதுதான் பிரச்சினை. மாவீரன் அல்லது துரோகி, இந்த இரண்டு பெட்டிதான் எங்களிடம் இருக்கிறது. பதினேழு வயதில் வீதியில் மறிக்கப்பட்ட ஒருத்தனை எந்தப் பெட்டிக்குள் போடுவது?

*

திருகோணமலை போரில் செத்தவர்களை நினைவு வைக்கத் தெரியாத ஊர் இல்லை. நிலாவெளி வீதியால போனால் இரண்டாம் உலகப் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வெட்டிவிட்ட புல்லு, வரிசை வரிசையாகக் கல்லு. 1942 ஏப்ரல் 9இல் யப்பான் விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டன. அந்தப் போரில் எங்கேயோ இருந்து வந்து இங்கே செத்தவனுக்குப் பெயர், படைப்பிரிவு, திகதி எல்லாம் கல்லில் இருக்கிறது. அமைதிப்படையில் செத்த சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இலங்கை இராணுவத்துக்கு நினைவுத்தூபிகளுக்குக் குறைவில்லை. மூதூர் கிழக்கில் ஆலங்குளம் துயிலும் இல்லத்தில் கல்லறைகள் இல்லாவிட்டாலும், நவம்பர் 27இல் தாய்மார் போய் விளக்கேற்றுகிறார்கள்.

இந்தத் தொண்டர் படைக்கு மட்டும் கல்லும் இல்லை, விளக்கும் இல்லை, டயரின் புத்தகம் மாதிரி இரண்டு பந்தியும் இல்லை. கட்டினவர்களுக்கு அது வெட்கம். அழித்தவர்களுக்கு அது எதிரி. ஆயுதம் கொடுத்த நாட்டுக்கு அது முடிந்துபோன பிழை. கொழும்புக்கு அது ஒன்றுமே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எங்கே போய் அழுவா? எந்தத் திகதியில்?

தொண்டர் என்ற சொல்லையும் நாங்கள் யோசித்துப் பார்த்தோம். எங்களுக்கு அது கோயில் சொல். அறுபத்துமூன்று நாயன்மாரின் கதைக்குச் சேக்கிழார் வைத்த பெயரே திருத்தொண்டர் புராணம். பிரித்தானியர் 1881இல் இலங்கையில் தொண்டர் காலாட்படை தொடங்கினார்கள். இன்றைக்கும் இராணுவத்துக்குள் தொண்டர் படையணி இருக்கிறது. எங்கள் மாகாணத்தில் தொண்டர் ஆசிரியர்கள் வருசக்கணக்காகச் சம்பளமும் நிரந்தர நியமனமும் கேட்டு வீதியில் இருந்தார்கள். மேலே இருக்கிறவர்கள் ஒரு வேலைக்கு ஆளும் வேண்டும், ஆனால் அந்த ஆளுக்குப் பொறுப்பும் எடுக்க ஏலாது என்றால், அப்போது தொண்டர் என்ற சொல்லை எடுக்கிறார்கள் போல. நீயாகத்தானே வந்தாய் என்று சொல்லிவிடலாம். அம்மம்மாவுக்கு வாசலில் வைத்துச் சொன்னது அதுதானே.

*

அசைன்மென்டைக் கொடுத்துவிட்டோம். நல்ல புள்ளிதான் வந்தது. அதற்குப் பிறகு, டயர் எழுதின மாதிரியே, மாமாவின் சேவை வரலாற்றை ஒரு அரைப் பக்கத்தில் எழுதி அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். கோபப்படுவார் என்று பயந்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்தார். "1989 நடுப்பகுதியில் திருகோணமலையில் இணைந்தார்" என்று எழுதியிருந்தோம். எங்கள் பேனையை வாங்கி "இணைந்தார்" என்பதை வெட்டிவிட்டுப் பக்கத்தில் "பிடிபட்டார்" என்று எழுதினார்.

பிறகு கடைசி வரியைப் பார்த்தார். இழப்பு என்று போட்டுவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தோம்.

"என்னோட ஓடின ரெண்டு பேரையும் போடுங்கோ" என்றார்.

பெயர் கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. அங்கே யாரும் யாரையும் சொந்தப் பெயரில் கூப்பிடவில்லையாம். ஒருத்தனைக் கட்டையன் என்பார்கள். மற்றவன் மூதூர்ப் பொடியன், அதனால் அவனுக்கு மூதூர் என்றே பெயர். கட்டையன் நல்லாப் பாடுவானாம். மூதூர் இரவில் சப்பாத்தைக் கழட்டாமல்தான் படுப்பானாம், எப்பவும் ஓட ரெடியாக.

எழுதிக்கொண்டோம். வயது என்ன என்று கேட்டோம்.

"என்ர வயசுதான் இருக்கும். கட்டையன் ஒரு வருசம் குறைய."

இதை வாசிக்கிறவர்களில் யாருடைய வீட்டிலாவது, 1989இல் ரியூசனுக்குப் போய்த் திரும்பி வராத ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருந்தால், நல்லாப் பாடுகிற கட்டையான ஒருவரோ, மூதூரில் இருந்து பிடிபட்ட ஒருவரோ இருந்தால், வீட்டில் பெரியவர்களிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். சத்தம் போடாமல் கேளுங்கள். எங்கள் அரைப் பக்கத்தில் அந்த இரண்டு வரிக்கும் இன்னும் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.